அந்தக் காலத்து ஹாலிவுட் படங்களுக்குக் கதை எங்கிருந்து வந்தது?

'காசாபிளாங்கா' பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்பார்கள், பார்க்காதவர்களும் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் படத்தின் கதை, அதுவரை எந்த மேடையிலும் ஏறாத ஒரு நாடகத்திலிருந்து எடுத்தது. ஜான் வெய்னைப் பெரிய நட்சத்திரமாக்கிய 'ஸ்டேஜ்கோச்' ஒரு வாரப் பத்திரிகையில் வந்த சிறுகதை. 'டபுள் இன்டெம்னிட்டி' பத்திரிகைத் தொடர்கதை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல்தானே என்பீர்கள், ஆனால் 1931-ல் வந்த படம் நாவலிலிருந்து நேராக வரவில்லை, நடுவில் ஒரு நாடகம் இருக்கிறது. பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கதை முதலில் என்னவாக இருந்தது என்று தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். எங்கே மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், எதற்காக என்று கவனிக்கக் கவனிக்க, அந்த ஸ்டுடியோக்கள் எப்படி வேலை செய்தன என்பதே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்டுடியோ காலம் என்பது ஏறக்குறைய 1920-களிலிருந்து 1950-கள் வரை. எம்ஜிஎம், பாரமவுன்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ என்று ஐந்து பெரிய கம்பெனிகள். இவர்களுக்கு அடுத்தபடியாக யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். அந்த ஐந்து கம்பெனிகளும் படம் எடுத்தன, விநியோகம் செய்தன, தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தையல்காரர் என்று எல்லோரும் ஒப்பந்தத்தில், வாரச் சம்பளத்தில். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுன்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று, தொலைக்காட்சியும் வந்துவிட்டது, அந்த ஏற்பாடு மெல்ல மெல்லக் கலைந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

நமக்கு முக்கியமான விஷயம், சொந்தத் தியேட்டர்கள் இருந்ததால் அவற்றுக்கு ஓயாமல் புதுப் படம் தேவைப்பட்டது. பெரிய ஸ்டுடியோ ஒன்று நல்ல நிலையில் இருந்தபோது ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு படம் வெளியிட்டது. வாரத்துக்கு ஒரு கதையை யார் யோசிப்பது? அதனால் ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் கதை இலாகா என்று ஒன்று இருந்தது. நியூயார்க்கில் ஓர் அலுவலகம், ஹாலிவுட்டில் ஓர் அலுவலகம். பதிப்பகங்களும் நாடக அரங்குகளும் நியூயார்க்கில் இருந்ததால் அங்கே இருப்பவர்களின் வேலை, புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் அச்சுப் படியை எப்படியாவது வாங்கிப் படித்துவிடுவது. படிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நாவல், நாடகம், பத்திரிகைக் கதை என்று எது வந்தாலும் படித்து, கதைச் சுருக்கம் எழுதி, இது படத்துக்கு ஆகுமா ஆகாதா என்று கருத்தும் எழுதி மேலே அனுப்புவார்கள். தயாரிப்பாளர்களில் பலர் புத்தகத்தைப் படித்ததே இல்லை, அந்தச் சுருக்கத்தைத்தான் படித்தார்கள். பெயர் வெளியே தெரியாத இந்த வாசகர்கள் இல்லையென்றால் நாம் கொண்டாடுகிற படங்களில் பாதி இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

'காசாபிளாங்கா'வையே எடுத்துக்கொள்வோம். மரே பர்னெட் என்ற ஆசிரியர் 1938-ல் ஐரோப்பாவுக்குப் போனவர், நாஜிகள் பிடித்துக்கொண்ட வியன்னாவை நேரில் பார்த்தார், அப்புறம் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒரு கறுப்பினக் கலைஞர் பியானோ வாசித்த இரவு விடுதி ஒன்றையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்து, ஜோன் ஆலிசனோடு இணைந்து ஒரு நாடகம் எழுதினார். 'எல்லோரும் ரிக்கின் விடுதிக்கு வருகிறார்கள்' என்பது போன்ற ஒரு தலைப்பு. மேடையேற்ற ஆள் கிடைக்கவில்லை. 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில நாட்களுக்குள், வார்னர் ஸ்டுடியோவில் ஸ்டீபன் கார்னாட் என்ற வாசகர் அதைப் படித்துவிட்டு, மெலோட்ராமாதான், ஆனால் வசூலுக்குப் பொருத்தமான சரக்கு என்று எழுதிக் கொடுத்தார். கதை இலாகாவின் பொறுப்பில் இருந்த ஐரீன் லீ தயாரிப்பாளர் ஹால் வாலிஸிடம் அதற்காகப் பேசினார். 20,000 டாலருக்கு வாங்கினார்கள். மேடையே காணாத நாடகத்துக்கு அது பெரிய தொகை.

நாடகத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். விடுதி இருக்கிறது, பியானோ வாசிப்பவர் இருக்கிறார், தப்பிப் போவதற்கான அனுமதிக் கடிதங்கள் இருக்கின்றன, படத்தில் வரும் 'ஆஸ் டைம் கோஸ் பை' என்ற பாட்டுகூட இருக்கிறது. ஆனால் விடுதிக்காரன் ரிக், மனைவி மக்களைப் பிரிந்து வந்த ஒரு வக்கீல். கதாநாயகி லோயிஸ் என்ற அமெரிக்கப் பெண், இங்க்ரிட் பெர்க்மன் நடித்த இல்சா அளவுக்குக் கறை படாதவள் என்று சொல்ல முடியாது. கடைசியில் ரிக் அவளையும் அவளோடு வந்தவனையும் தப்பவைத்துவிட்டு ஜெர்மன் அதிகாரியிடம் சரணடைகிறான். படத்திலோ அவன் அந்த அதிகாரியைச் சுட்டுவிட்டு, போலீஸ் தலைவர் ரெனோவோடு பனிமூட்டத்துக்குள் நடந்து போகிறான். எப்ஸ்டீன் சகோதரர்கள், ஹோவர்ட் காச் என்று திரைக்கதையில் பல கைகள் பட்டன. அமெரிக்கா போருக்குள் இறங்கிவிட்ட நேரம். ஒதுங்கி நின்றவன் ஒருவன் போராட்டத்துக்குத் திரும்புகிறான் என்ற முடிவு 1942-ல் அந்த நாட்டுக்கு வேண்டியிருந்தது. சரணடைந்தால் அது நடக்காது.

சரி, கதையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று எப்போது ஆனது? ஆரம்பத்தில் யாரும் வாங்கவில்லை. 1907-ல் கேலம் என்ற கம்பெனி, லூ வாலஸ் 1880-ல் எழுதிய 'பென் ஹர்' நாவலிலிருந்து கால் மணி நேரம் ஓடும் ஒரு மௌனப் படத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்தது. பதிப்பகம் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1911-ல் தீர்ப்பு வந்தது: படமாக எடுப்பதும் நாடகமாக்குவது போலத்தான், உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். புத்தக விற்பனை, மேடை உரிமை தவிர எழுத்தாளருக்கு இன்னொரு வருமானம் திறந்தது அங்கேதான். 1936-ல் 'கான் வித் த விண்ட்' நாவல் ஜூன் கடைசியில் வெளிவந்தது, ஜூலையிலேயே தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அதன் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கிவிட்டார். முதல் நாவல் எழுதிய ஒருவருக்கு! வாங்கும்படி அவரை விடாமல் வற்புறுத்தியவர் நியூயார்க்கில் அவருடைய கதை இலாகாவைப் பார்த்துக்கொண்ட கே பிரவுன்.

உரிமையை வாங்கிவிட்டால் ஸ்டுடியோ அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதற்கு 'மால்டீஸ் ஃபால்கன்' நல்ல உதாரணம். டாஷியல் ஹாமெட் ஒரு காலத்தில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய இந்த நாவல் 1929-ல் 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுவிலைப் பத்திரிகையில் தொடராக வந்து, 1930-ல் புத்தகமானது. வார்னர் 8,500 டாலருக்கு வாங்கி 1931-ல் படமாக்கியது. 1936-ல் பெட்டி டேவிஸை வைத்து அதே கதையை வேறு பெயரில், கேலிப் படமாக எடுத்தது. 1941-ல் ஜான் ஹூஸ்டன் தன் முதல் படமாக மறுபடியும் எடுத்தார், ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளன் சாம் ஸ்பேடாக நடித்த அந்த மூன்றாவது படம்தான் இன்றுவரை நிற்கிறது. பத்தே ஆண்டுகளில் ஒரே ஸ்டுடியோ, ஒரே நாவல், மூன்று படங்கள்.

மூன்றாவது ஏன் நின்றது? ஹூஸ்டன் நாவலின் பேச்சிலும் காட்சி வரிசையிலும் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டார். அது எடுக்கக்கூடிய நாவலாகவும் இருந்தது. ஹாமெட் தன் நாயகன் என்ன நினைக்கிறான் என்று புத்தகம் முழுவதிலும் ஓர் இடத்தில்கூடச் சொல்வதில்லை. என்ன செய்கிறான், என்ன பேசுகிறான், முகம் எப்படி மாறுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஸ்பேடின் கூட்டாளி கொலையான செய்தி வரும் இரவைப் பாருங்கள். நாவலில் இருட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது, கட்டில் கம்பிச்சுருள் முனகுகிறது, விரல்கள் மரத்தின் மேல் தடவுகின்றன, ஏதோ சின்னப் பொருள் கம்பளத்தில் விழுகிறது, அப்புறம்தான் ஒரு குரல் பேசுகிறது. பேச்சு முடியும் வரை ஆளை நாம் பார்ப்பதே இல்லை. படத்தில் கேமரா தொலைபேசியையும் பின்னால் அசையும் திரைச்சீலையையும் பார்த்தபடி நிற்கிறது, ஒரு கை வந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு போகிறது, குரல் மட்டும் கேட்கிறது. எழுத்தில் இருந்த மறைப்பைப் படத்திலும் மறைப்பாகவே வைத்தார் ஹூஸ்டன். கூட்டாளி செத்த செய்தியைக் கேட்கும் முகம் எப்படி இருந்தது என்று நமக்குக் காட்டவே மாட்டேன் என்கிறார்கள் இருவரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதே கதைக்கு இன்னொரு வாலும் உண்டு. 1940-களில் சாம் ஸ்பேடை வைத்து வானொலித் தொடர் வந்தபோது, பாத்திரமும் எங்களுக்குச் சொந்தம் என்று வார்னர் வழக்குப் போட்டது. 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹாமெட் விற்றது அந்த ஒரு கதையைத்தான், சாம் ஸ்பேட் என்ற ஆளை இல்லை என்று சொல்லிவிட்டது. ஓர் எழுத்தாளர் தன் பாத்திரத்தை வைத்து மேலும் கதை எழுதலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஸ்டுடியோக்கள் பெரிய இலக்கியத்தைத் தொடவே இல்லை என்று நினைக்க வேண்டாம். எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' 1939-ல் படமானது. நாவலில் 34 அத்தியாயங்கள், படமோ ஏறக்குறைய பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டாம் தலைமுறையின் கதை முழுவதும் காணோம். கடைசியில் காதலர்களின் ஆவிகள் பனியில் நடந்துபோகும் காட்சியை இயக்குநர் வில்லியம் வைலர் எடுக்க மறுத்தார், தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் டூப் ஆட்களை நடக்கவைத்துச் சேர்த்துவிட்டார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும், ஆனால் நாவலின் கொடூரம் அதில் இல்லை. நாவலில் காதலன் ஹீத்கிளிஃப் அடுத்த தலைமுறைக் குழந்தைகளை வதைக்கிறான். அந்தப் பாதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு சோகக் காதலன் மட்டும்தான்.

பேய்ப் படங்களில் நடந்தது வேறு. யுனிவர்சல் 1931-ல் எடுத்த 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டுமே ஏற்கெனவே மேடையில் ஓடிய நாடகங்கள் வழியாக வந்தவை. மேரி ஷெல்லி 1818-ல் எழுதிய நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் படைத்த உயிர், மில்டனைப் படிக்கும், தன்னைப் படைத்தவனிடம் பக்கம் பக்கமாக நியாயம் கேட்கும். 1931 படத்தில் அந்த உயிராக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது, உறுமல்தான். மின்னல், பொறி பறக்கும் கருவிகள் எல்லாம் நாவலில் தேடினால் கிடைக்காது, அங்கே உயிர் வரும் இடம் சில வரிகளில் முடிந்துவிடும். இன்று ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் உலகம் முழுவதும் மனதில் வருவது ஷெல்லியின் படைப்பைவிடக் கார்லாஃபின் முகம்தான். பேச்சை எடுத்துவிட்டதில் கதையின் பாதி உயிர் போனது என்றே நினைக்கிறேன், ஆனாலும் கார்லாஃபின் கண்களும் கைகளும் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன.

இனி தணிக்கை. இது புரியாமல் அந்தக் காலப் படம் எதுவும் புரியாது. அரசாங்கத் தணிக்கைக்குப் பயந்து ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே 1930-ல் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன, 1934-லிருந்து ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் அதைக் கறாராக அமல்படுத்தியது. புத்தகத்தை வாங்கும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. குற்றம் செய்தவன் தண்டனை பெறாமல் போகக் கூடாது, கள்ள உறவு கவர்ச்சியாகத் தெரியக் கூடாது, சட்டத்திலிருந்து தப்பத் தற்கொலை ஒரு வழியாகக் காட்டப்படக் கூடாது, இப்படிப் பல.

'ரெபெக்கா'வில் இது எப்படி வேலை செய்தது பாருங்கள். டாஃப்னி டு மோரியேயின் நாவல் 1938-ல் வந்தது. அதில் மேக்ஸிம் தன் முதல் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றவன், இரண்டாவது மனைவி அதைத் தெரிந்துகொண்டும் அவன் பக்கம் நிற்கிறாள். நாவலின் விஷமே அதுதான்: நாமும் அவளோடு சேர்ந்து ஒரு கொலைகாரன் தப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். 1940-ல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். கொலை விபத்தாகிவிட்டது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக்குக் கொஞ்சமும் பிடிக்காத மாற்றம் இது, ஏனென்றால் அவர் வாசகர்கள் நேசித்த புத்தகத்தை அப்படியே எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஹிட்ச்காக் முதலில் கொடுத்த கதை வடிவத்தில் தன்னிஷ்டத்துக்கு மாற்றங்கள் செய்து, கப்பல் பயணத்தில் வாந்தி எடுக்கும் வேடிக்கையெல்லாம் சேர்த்திருந்தார்; அதைப் பார்த்துக் கோபமடைந்த செல்ஸ்னிக், நாம் வாங்கியது 'ரெபெக்கா', எடுக்கப்போவதும் அதைத்தான் என்று நீண்ட கடிதம் எழுதினார். ஹிட்ச்காக்கிடமிருந்து காப்பாற்றிய நாவலைப் பிரீனிடமிருந்து அவரால் காப்பாற்ற முடியவில்லை.

'டபுள் இன்டெம்னிட்டி' கதை இன்னும் சுவையானது. ஜேம்ஸ் எம். கெயின், 1927-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு நிஜக் கொலை வழக்கை மனதில் வைத்து எழுதியது: காதலனோடு சேர்ந்து கணவனுக்குத் தெரியாமல் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு அவனைக் கொன்ற மனைவி. கையெழுத்துப் பிரதி 1935-லேயே ஸ்டுடியோக்களைச் சுற்றி வந்தது, எல்லோருக்கும் ஆசை, பிரீன் ஒரு கடிதம் எழுதினார், எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். 1936-ல் 'லிபர்ட்டி' பத்திரிகையில் தொடராக வந்தது. அப்புறம் எட்டு ஆண்டு கழித்து, 1944-ல்தான் பாரமவுன்ட்டுக்காக பில்லி வைல்டர் அதைப் படமாக்கினார். நாவலில் கொலைகாரக் காதலர்கள் கப்பலில் தப்பி, கடைசியில் கடலில் குதிக்கத் தயாராகிறார்கள். அது முடியாது என்றானதும், படத்தில் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள், குண்டடிபட்ட காதலன் நெஃப் இரவில் ஆபீஸுக்கு வந்து குரல் பதிவுக் கருவியில் தன் வாக்குமூலத்தை, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் கீஸுக்குச் சொல்கிறான். தணிக்கை போட்ட முட்டுக்கட்டைதான் அந்தப் படத்துக்கு அதன் அற்புதமான சட்டகத்தைக் கொடுத்தது என்று சொல்லலாம். முதல் காட்சியிலேயே நான்தான் கொன்றேன், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை பெண்ணும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். அதற்கு மேல் நாம் பார்ப்பது முழுக்க ஏற்கெனவே தோற்றுப்போன ஒருவனின் குரல்.

வைல்டரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ரேமண்ட் சாண்ட்லர், அவரும் நாவலாசிரியர். வைல்டர் கெயினின் உரையாடலை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினார், சாண்ட்லர் அது கண்ணால் படிக்க எழுதியது, வாயால் பேசினால் எடுபடாது என்றார். நம்பாத வைல்டர் நடிகர்களைக் கூட்டிவந்து நாவலின் பக்கங்களைப் பேசவைத்துப் பார்த்தார். சாண்ட்லர் சொன்னதே சரி. நாவலில் துள்ளுகிற பேச்சு வாயில் வந்ததும் தட்டையாகிவிட்டது. அதனால் படத்தில் நெஃபும் அந்த மனைவி ஃபில்லிஸும் முதல் சந்திப்பில் காரின் வேகத்தையும் போக்குவரத்துப் போலீஸையும் வைத்துப் பேசும் அந்தச் சரசம், புதிதாக எழுதப்பட்டது. நல்ல வசனம் என்று புத்தகத்தில் படிப்பதும், நல்ல வசனம் என்று தியேட்டரில் கேட்பதும் வெவ்வேறு கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தணிக்கை எப்போதும் இப்படி நல்லதில் முடியவில்லை. 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் 1939 ஏப்ரலில் வெளிவந்தது, 1940 ஜனவரியில் படமே வந்துவிட்டது, அவ்வளவு வேகம். நிலத்தை இழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகும் ஜோட் குடும்பத்தின் கதை. ஸ்டைன்பெக் நாவலை முடிக்கும் இடம், குழந்தையைப் பறிகொடுத்த இளம்பெண் பட்டினியில் சாகக்கிடக்கும் அந்நிய மனிதனுக்குத் தாய்ப்பால் கொடுப்பது. அதை அந்த நாளில் யாரும் திரையில் காட்ட முடியாது. ஆனால் மாற்றம் அதோடு நிற்கவில்லை. நாவலில் அவர்கள் முதலில் அரசாங்க முகாமில் கொஞ்சம் மரியாதையாக வாழ்கிறார்கள், அப்புறம் வேலை தேடிப் பழத்தோட்டத்துக்குப் போய் மோசமாகிறது. படத்தில் வரிசை திருப்பப்பட்டுவிட்டது: முதலில் பழத்தோட்டக் கொடுமை, அப்புறம் அரசாங்க முகாம். வெறும் வரிசைதான், ஒரு வசனம்கூட மாற வேண்டியதில்லை, ஆனால் நாவல் கீழே இறங்குகிறது, படம் மேலே ஏறுகிறது. நாங்கள்தான் மக்கள், எங்களை அழிக்க முடியாது என்று அம்மா பேசும் இறுதிப் பேச்சும் நாவலின் நடுவில் வருவதுதான். எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் அந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நாவலில் குடும்பத்தின் கதைக்கு நடுநடுவே பெயரில்லாத மக்களைப் பற்றிய பொது அத்தியாயங்கள் வரும். அதில் ஒன்றில் டிராக்டர் வந்து குத்தகைக்காரனின் வீட்டை இடிக்கிறது, ஓட்டிவந்தவன் பக்கத்து வீட்டுப் பையன், நான் யாரைச் சுடுவது என்று குத்தகைக்காரன் கேட்கிறான், வங்கி என்கிறார்கள், வங்கிக்கு மேல் யாரோ என்கிறார்கள், பதிலே இல்லை. திரைக்கதை எழுதிய நன்னலி ஜான்சன் இதை எடுத்து மியூலி என்ற ஒருவனின் நினைவாக மாற்றினார். கிரெக் டோலண்டின் கேமரா, மண்ணில் நீண்டு விழும் அந்தக் குடும்பத்தின் நிழல்களையும் டிராக்டர் விட்டுப்போன தடங்களையும் காட்டுகிறது. லட்சம் பேருக்கு நடந்ததை ஒரு முகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நாவலால் பொதுவாகப் பேச முடியும், கேமராவுக்கு ஓர் ஆள் வேண்டும்.

தணிக்கை தவிர வேறு காரணங்களும் கதையை மாற்றும். நீளம் ஒன்று: 'கான் வித் த விண்ட்' ஆயிரம் பக்கத்துக்கு மேல், படம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியும் நாயகி ஸ்கார்லெட்டின் முதல் இரண்டு குழந்தைகள் படத்தில் பிறக்கவே இல்லை. அடிமை முறையை இனிமையான பழங்காலமாகக் காட்டும் பொய் மட்டும் நாவலிலிருந்து படத்துக்கு முழுசாக வந்து சேர்ந்தது. இந்தப் படத்தில் நடித்ததற்காக, ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல், அட்லாண்டாவில் நடந்த அதன் முதல் காட்சிக்கு நிறவெறிச் சட்டங்களால் வர முடியவில்லை. இன்னொன்று தொழில்நுட்பம்: 1900-ல் வந்த 'ஓஸ்' புத்தகத்தில் டோரதியின் காலணி வெள்ளி, 1939 எம்ஜிஎம் படத்தில் டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் பளிச்சென்று தெரிய அது சிவப்பானது. சந்தை இன்னொன்று: கெயினின் 'மில்ட்ரட் பியர்ஸ்' நாவலில் கொலையே இல்லை, வார்னர் 1945-ல் எடுத்த படம் துப்பாக்கிச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பெரிய எழுத்தாளர்களை வேலைக்கும் வைத்தார்கள். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1937-ல் வாரம் 1,000 டாலருக்கு எம்ஜிஎம்மில் சேர்ந்தார். 'த்ரீ காம்ரேட்ஸ்' ஒன்றில்தான் அவர் பெயர் திரையில் வந்தது, அதிலும் அவர் வசனத்தைத் தயாரிப்பாளர் ஜோசப் மேன்கீவிச் மாற்றி எழுதினார், வேண்டாம் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார் ஃபிட்ஸ்ஜெரால்டு. படிக்க மனசு வலிக்கும். ஃபாக்னருக்கு ஹவார்ட் ஹாக்ஸ் என்ற நல்ல இயக்குநர் கிடைத்தார். ஹெமிங்வேயின் 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' நாவலை 1944-ல் ஹாக்ஸ் படமாக்கியபோது திரைக்கதையில் ஃபாக்னர் இருந்தார். பின்னாளில் நோபல் வாங்கிய இருவரின் பெயரும் ஒரே படத்தில். நாவலில் மிஞ்சியது தலைப்பு, நாயகன் பெயர், படகு, மீன்பிடிக் காட்சி போன்ற சிலதான்.

தமிழ்ப் படங்களுக்கும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி உண்டு. ஜேம்ஸ் ஹில்டனின் 'ரேண்டம் ஹார்வெஸ்ட்' 1941-ல் நாவல், 1942-ல் எம்ஜிஎம் படம், அதன் சாயலில் 1956-ல் நம் 'அமரதீபம்'. ஆன்டனி ஹோப்பின் 'பிரிசனர் ஆஃப் ஜென்டா' 1894-ல் நாவல், 1937-ல் செல்ஸ்னிக்கின் படம், 1958-ல் 'நாடோடி மன்னன்' அதிலிருந்து ஆள்மாறாட்டக் கருவை எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு ஹாலிவுட் படங்களிலும் நாயகன் ரொனால்டு கோல்மன்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், ஆயிரம் பக்க நாவலில் ஆரம்பிக்காதீர்கள். 'ஸ்டேஜ்கோச்'சில் ஆரம்பியுங்கள். எர்னஸ்ட் ஹேகாக்ஸ் 1937-ல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் எழுதிய 'ஸ்டேஜ் டு லார்ட்ஸ்பர்க்' ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறுகதை, படமும் ஒன்றரை மணி நேரம்தான். அபாச்சிகளின் தாக்குதலுக்குப் பயந்தபடி ஒரு குதிரை வண்டியில் பயணம் செய்யும் அந்நியர்கள், அவர்களில் ஊர் ஒதுக்கிய ஒரு பெண், பழிவாங்கக் கிளம்பிய ஓர் இளைஞன்: இவ்வளவும் ஹேகாக்ஸிடம் இருக்கிறது. கதையில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணைத் திரைக்கதையாசிரியர் டட்லி நிக்கல்ஸ் நிறைமாதக் கர்ப்பிணியாக்கினார். அதனால் வழியில் ஒரு பிரசவம் நடக்கிறது, எல்லோரும் ஒதுக்கிய டாலஸ்தான் குழந்தையைக் கையில் ஏந்தி வருகிறாள். இயக்குநர் ஜான் ஃபோர்டோ, இது உண்மையில் மாப்பசானின் 'பூல் த சூஃப்' என்று சொன்னார். அதையும் சேர்த்துப் படியுங்கள். பிரஷ்யப் படை பிடித்த ஊரிலிருந்து வண்டியில் தப்பிப் போகும் பெரிய மனிதர்கள், கூட வந்த விலைமகளின் கூடைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், தங்கள் வசதிக்காக அவளை எதிரி அதிகாரியிடம் போகவைக்கிறார்கள், திரும்பி வந்ததும் முகம் கொடுத்துக்கூடப் பேசுவதில்லை. கடைசியில் அவர்கள் சாப்பிட, அவள் பசியோடு அழுகிறாள். ஃபோர்டின் படத்தில் வண்டி முதன்முதலாக நிற்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை வரும். டாலஸ் உட்கார்ந்ததும் ஒரு கனவானும் சீமாட்டியும் எழுந்து மேஜையின் மறுகோடிக்குப் போவார்கள். தன்னால்தான் அவர்கள் எழுந்து போனதாக நினைத்துக்கொள்வான் ஜெயிலிலிருந்து தப்பிவந்த ரிங்கோ. ஹேகாக்ஸ், மாப்பசான், ஃபோர்டு மூவரும் அந்த மேஜையில் இருக்கிறார்கள். இரண்டு கதைகளையும் படித்துவிட்டுப் பார்த்தால் யாருடையது எது என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.